எல்லோரும் ஓடும் பாதைக்கு யார் செலவழிப்பது?

ஒரு கடைவீதிக்கு வரும் பாதை பழுதடைந்துவிட்டால் அங்கு கடை வைத்திருக்கும் அனைவருக்கும் நட்டம்தான். வாடிக்கையாளர் வேறு வீதியை நாடிப் போய்விடுவார். ஆனால் அப்பாதையைத் திருத்தும் செலவை யார் ஏற்பது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? நான் கொடுத்தால் அடுத்த கடைக்காரரும் அல்லவா பயனடைவார்?" என்ற கேள்வி எழும். எல்லோருக்கும் பயன்படும் ஒன்றுக்கு எவரும் செலவழிக்க முன்வராத இந்நிலை வர்த்தக உலகிற்குப் புதியதல்ல.

வட அமெரிக்காவின் பனிப் பிரதேசங்களில் உள்ள சிறு நகரங்கள் இதே சிக்கலை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சந்திக்கின்றன. அங்கு பழுதடைவது பனிமீது அமைந்த பாதை. பனியைக் கண்ணாலும் காணாத எமக்கு அது எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். பனி எமக்குப் புதிது. ஆனால் அப்பாதைக்குப் பணம் சேர்க்கும் முறை, கொடுக்கல் வாங்கல் தெரிந்த எவருக்கும் உடனே விளங்கும்.

பனியில் நடக்கும் வியாபாரம்

ஸ்னோமொபைல் என்பது பனிமீது ஓடும் மோட்டார் வண்டி. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் சுழலும் இறப்பர் பட்டியும் இதற்கு உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் சேய்னர் என்ற சிற்றூரைச் சேர்ந்த கார்ல் எலியாசன் 1924 இல் இதன் ஆரம்ப வடிவங்களில் ஒன்றைச் செய்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1959 இல் 'ஸ்கி-டூ' என்ற சிறிய வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர் இது பொதுமக்களின் பொழுதுபோக்காக மாறியது.

இன்று இவ்வண்டிகள் ஓடுவதற்கென்றே பெரும் பாதை வலையமைப்புகள் உள்ளன. கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் தலா 30,000 கிலோமீற்றர் அளவிலும், மினசோட்டா மாநிலத்தில் ஏறத்தாழ 22,000 மைல், விஸ்கொன்சினில் ஏறத்தாழ 25,000 மைல் என்ற அளவிலும் பாதைகள் அமைந்திருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரையே இவற்றுக்கு வேலை. கோடையில் ஏரிக்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் ஊர்களில், குளிர்காலத்திலும் தங்குவிடுதியைத் திறந்து வைக்கக் காரணமாக இருப்பது இப்பாதைகளே. எரிபொருள் நிரப்பு நிலையம், உணவகம், வண்டி திருத்தும் கடை, உதிரிப்பாக வியாபாரி என எல்லோரும் இதை நம்பியே நான்கு மாதங்களை ஓட்டுகின்றனர்.

ஆனால் இப்பாதைகளில் பெரும் பகுதி அரசாங்கக் காணியில் இல்லை. விவசாயிகளினதும் தனியாரினதும் வயல்கள், தோட்டங்கள், காடுகள் வழியாகவே இவை செல்கின்றன. உதாரணமாக மேய்ன் மாநிலத்துப் பாதைகளில் மிகப் பெரும் பகுதி தனியார் காணிகளிலேயே உள்ளது. காணி ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது, இலாபம் மூன்றாமவருடையது. அப்படியானால் பராமரிப்புச் செலவு யாருடையது?

ஏன் சீர் செய்ய வேண்டும்?

ஒரே பாதையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடும்போது பனியில் மேடும் பள்ளமும் உருவாகும். வேகமெடுக்கும் இடத்திலும் பிரேக் பிடிக்கும் இடத்திலும் இவை விரைவாக வளரும். ஒரு வார இறுதியில் நல்ல கூட்டம் வந்தால் போதும், திங்கட்கிழமை காலையில் பாதை அலையடிக்கும் கடலைப் போல ஆகிவிடும். அதில் ஓடினால் இடுப்பு நோகும், வண்டியும் பழுதாகும். அடுத்த வாரம் அந்த ஓட்டுநர் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

இதைச் சீர் செய்ய 'குரூமர்' எனப்படும் கனரக இயந்திரம் தேவை. பட்டிச் சக்கரங்கள் கொண்ட இந்த இயந்திரம், பல வெட்டுத் தகடுகள் பொருத்திய நீண்ட இழுவைச் சட்டமொன்றைப் பின்னால் இழுத்துச் செல்லும். தகடுகள் மேடுகளை வெட்டிப் பனியைப் புரட்டிப் பள்ளங்களை நிரப்பும். சட்டத்தின் பின்பகுதி அதை அழுத்தி மட்டப்படுத்தும். பின்னர் அப்பனி சில மணித்தியாலங்கள் எவரும் ஓடாமல் இறுகிக் கெட்டியாக வேண்டும். எனவேதான் இவ்வேலை பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகிறது. இரவில் குளிரும் அதிகம், வண்டிகளும் குறைவு. வேகமாகவும் ஓட்ட முடியாது. மணித்தியாலத்திற்குப் பத்து கிலோமீற்றர் அளவே நல்ல வேலைக்கு ஏற்ற வேகம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

விளங்கிக்கொள்வதற்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இத்தொகைகள் கணக்கிற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

ஒரு கழகம் 150 கிலோமீற்றர் பாதையைப் பராமரிக்கிறது. ஒரு தடவை சீர் செய்ய 15 மணித்தியாலம். வாரம் மூன்று தடவை என்றால் 45 மணித்தியாலம். 12 வாரப் பருவத்திற்கு 540 மணித்தியாலம். டீசல், ஓட்டுநர் சம்பளம், திருத்த வேலை ஆகியவற்றுக்கு மணித்தியாலத்திற்கு 100 டொலர் என்று வைத்தால் 54,000 டொலர்.

அடுத்து இயந்திரம். புதிய பெரிய குரூமர் ஒன்றின் விலை சில இலட்சம் டொலர். 300,000 டொலருக்கு வாங்கி, பத்து வருடங்களின் பின் 50,000 டொலருக்கு விற்பதாகக் கொண்டால், பெறுமானத் தேய்வு வருடத்திற்கு 25,000 டொலர். ஆக மொத்தம் 79,000 டொலர். இதைவிடக் காப்புறுதி, பாலங்கள், வழிகாட்டிப் பலகைகள், இயந்திரம் நிறுத்தும் கொட்டகை என்பனவும் உள்ளன. இதனால்தான் பல கழகங்கள் பனிச்சறுக்கு விளையாட்டு மையங்கள் பயன்படுத்திக் கழித்த இயந்திரங்களை வாங்குகின்றன. விவசாய உழவு இயந்திரத்துக்குப் பட்டிச் சக்கரம் பூட்டி வேலை வாங்கும் கழகங்களும் உண்டு.

இப்பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பல பைகளிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்கிறது.

முதலாவது பை: ஓட்டுபவர்

பயன்படுத்துபவரே செலுத்த வேண்டும் என்பது முதல் கோட்பாடு. ஒன்ராறியோவில் 2000 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் மூலம், சம்மேளனத்தின் பாதைகளில் ஓடுவதற்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் விலக்களித்த சில பிரிவினருக்கு மட்டும் இது தேவையில்லை. பருவகால அனுமதிப்பத்திரத்தின் விலை அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 200 முதல் 300 கனேடிய டொலர் அளவில் இருந்து வந்துள்ளது. பனி பெய்வதற்கு முன்னரே வாங்குபவருக்கு விலை குறைவு. இதில் ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. இலையுதிர் காலத்திலேயே பணம் கைக்கு வந்தால்தான் பாலம் திருத்தவும் இயந்திரத்தைத் தயார் செய்யவும் முடியும். பருவம் தொடங்கிய பின் வரும் பணம் அவ்வேலைகளுக்குப் பிந்திப் போய்விடும்.

அமெரிக்க மாநிலங்களில் வண்டிப் பதிவுக் கட்டணமும் பாதை அனுமதியும் இவ்வேலையைச் செய்கின்றன. இங்கு கவனிக்க வேண்டியது, உறுப்பினருக்கும் உறுப்பினரல்லாதவருக்கும் வைத்துள்ள விலை வித்தியாசம். நியூயோர்க் மாநிலத்தில் பதிவுக் கட்டணம் 100 டொலர், கழக உறுப்பினருக்கு 45 டொலர் என்ற முறை பின்பற்றப்பட்டு வந்துள்ளது. விஸ்கொன்சினில் 2015 இல் அறிமுகமான பாதை அனுமதி பொதுவாக 30 டொலராகவும், கழக உறுப்பினருக்கு 10 டொலராகவும் நிர்ணயிக்கப்பட்டது.

உறுப்பினராகச் சேர்ந்தால் சந்தாப் பணம் உள்ளூர்க் கழகத்துக்குப் போகும். சேராவிட்டால் கூடிய கட்டணம் மாநில நிதிக்குப் போகும். எப்படியும் பாதைக்குப் பணம் சேர்ந்துவிடும். இலவசமாகப் பயனடைபவரைத் திட்டிக்கொண்டிராமல், வெளியே நிற்பதையே விலை கூடியதாக்கிவிட்டார்கள்.

இரண்டாவது பை: பெற்றோல் வரி

அமெரிக்காவில் பெற்றோல் அடிக்கும்போது செலுத்தும் வரி, நெடுஞ்சாலைகளை அமைக்கவும் பராமரிக்கவும் என்றே அறவிடப்படுகிறது. ஸ்னோமொபைல் நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. அப்படியானால் அவ்வரியை ஏன் செலுத்த வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து மீளப் பெறுவது இரு தரப்புக்கும் தலையிடி. ஆகவே தனித்தனியாகத் திருப்பிக் கொடுக்காமல், மொத்தமாகக் கணக்கிட்டுப் பாதை நிதியில் சேர்த்துவிடுகிறார்கள்.

மினசோட்டாவில் மாநிலத்தின் மொத்தப் பெற்றோல் பாவனையில் ஒரு வீதம் ஸ்னோமொபைல்களுக்குரியது என்று சட்டமே வரையறுத்து, அதற்குரிய வரியை ஸ்னோமொபைல் கணக்கிற்கு ஒதுக்குகிறது.

விஸ்கொன்சினின் சூத்திரம் இன்னும் சுவையானது. ஒரு வண்டி வருடத்திற்கு 50 கலன் பெற்றோல் பாவிக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெப்ரவரி கடைசி நாளில் பதிவில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கையை 50 ஆல் பெருக்கி, அதை ஒரு கலனுக்குரிய வரியால் பெருக்குகிறார்கள். வெளி மாநிலத்தவரும் வந்து பெற்றோல் அடிக்கிறார்கள் அல்லவா? எனவே கிடைக்கும் தொகைக்கு மேல் இன்னும் 40 வீதம் சேர்க்கப்படுகிறது. அம்மாநிலத்தில் 2006 முதல் நடைமுறைக்கு வந்த வரி கலனுக்கு 30.9 சதம். அதன்படி ஒரு வண்டிக்கு 15 டொலர் 45 சதம். 40 வீதத்தைச் சேர்த்தால் 21 டொலர் 63 சதம். வண்டிகள் இரண்டு இலட்சம் இருந்தால் 43 இலட்சத்து 26 ஆயிரம் டொலர்.

ஒரு வண்டி உண்மையில் 50 கலன்தான் பாவிக்கிறதா என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் சூத்திரம் சட்டத்தில் இருப்பதால், வருடாவருடம் அரசியல்வாதியின் வாசலில் போய்க் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டுத் திட்டமிடலாம்.

மூன்றாவது பை: மத்திய அரசு

1991 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டத்தின் வழியாகப் பொழுதுபோக்குப் பாதைகளுக்கான ஒரு மத்திய நிதித் திட்டம் உருவானது. இதன் அடிப்படையும் மேற்சொன்ன அதே வாதமே. நெடுஞ்சாலையில் ஓடாத வண்டிகள் செலுத்தும் மத்திய எரிபொருள் வரியில் ஒரு பங்கு பாதைகளுக்கே திரும்ப வேண்டும் என்பதே அது. மாநிலங்களுக்குப் பகிரப்படும் இந்நிதியில் 30 வீதம் மோட்டார் வண்டிப் பாதைகளுக்கும், 30 வீதம் நடைபாதை போன்ற மோட்டார் அல்லாத பாதைகளுக்கும், மீதி 40 வீதம் பலவகைப் பாவனைக்குமென ஒதுக்கப்படுகிறது.

பொதுவாக ஒரு திட்டச் செலவில் 80 வீதம் வரை மத்திய நிதி தரும். மீதி 20 வீதத்தை உள்ளூரில் தேட வேண்டும். ஆனால் அதைக் காசாகத்தான் காட்ட வேண்டுமென்பதில்லை. தொண்டர்களின் உழைப்பையும் அன்பளிப்பாகக் கிடைத்த பொருட்களையும் பெறுமதி கணித்து அப்பங்காகக் காட்டலாம். ஆகவே யார், எந்த நாளில், எத்தனை மணித்தியாலம் மரம் வெட்டினார் என்று கொப்பியில் எழுதி வைக்கும் கழகத்திற்கு அக்கொப்பியே பணம். எழுதி வைக்காத கழகம் அதே வேலையைச் செய்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கும்.

நான்காவது பை: உழைப்பும் காணியும்

கணக்கில் பெரும்பாலும் தெரியாத பை இதுதான். வழியில் விழுந்த மரங்களை அகற்றுவது, பற்றைகளை வெட்டுவது, பலகைகளை நடுவது, வசந்தத்தில் அவற்றைக் கழற்றுவது யாவும் கழகத் தொண்டர்களின் வேலை. இரவு முழுவதும் குரூமரில் அமர்ந்திருப்பவரும் சில இடங்களில் சம்பளம் வாங்காதவரே.

காணி உரிமையாளர்களில் பெரும்பாலானோர் வாடகை எதுவும் பெறாமலே அனுமதி தருகின்றனர். விபத்து நடந்தால் தம்மீது வழக்கு வருமோ என்பதே அவர்களுடைய அச்சம். இலவசமாக இடம் தருபவரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் மாநிலங்களில் உள்ளன. அத்துடன் கழகங்கள் காப்புறுதியும் எடுக்கின்றன. வருடத்திற்கொரு முறை காணி உரிமையாளர்களைக் குடும்பத்துடன் அழைத்து விருந்து கொடுக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. அவ்விருந்தின் செலவை வீண் செலவென்று எந்தக் கழகமும் நினைப்பதில்லை. ஒரே ஒருவர் "என் காணி வழியாக வராதே" என்று சொல்லிவிட்டால் போதும், நீண்ட பாதை நடுவில் அறுந்துவிடும். ஓரிருவர் வேலியை வெட்டியதாலோ விதைத்த வயலில் ஓடியதாலோ பாதைகள் மூடப்பட்ட அனுபவம் அங்கு சாதாரணமானது.

சத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. கியூபெக்கின் லோரென்சியன் பகுதியில் பழைய ரயில் பாதை ஒன்றில் ஸ்னோமொபைல்கள் ஓடியதற்கு எதிராக அருகில் வசித்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004 இறுதியில் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அயலவரின் பொறுமையும் ஒரு மூலதனம், அது தீர்ந்துபோகக் கூடியது என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

ஐந்தாவது பை: ஊர் வர்த்தகர்

இறுதியாகப் பாதையோரத்து வியாபாரிகள். பாதை வரைபடத்தில் விளம்பரம் போடுதல், கழகத்தில் வர்த்தக உறுப்பினராகச் சேர்தல், நிதி சேகரிப்பு விருந்துகளுக்கு உணவு வழங்குதல், எரிபொருளில் கழிவு தருதல் எனப் பல வழிகளில் அவர்கள் பங்களிக்கின்றனர். இதற்குச் சட்டக் கட்டாயம் எதுவுமில்லை. எனவே கொடுப்பவர் கொடுக்கிறார், கொடுக்காதவர் வந்த கூட்டத்தில் வியாபாரம் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். ஐந்து பைகளிலும் உறுதி குறைந்தது இதுதான். பாதையால் அதிகம் சம்பாதிப்பவர்களின் பை இப்படி இருப்பது வருந்தத்தக்கது.

வேலை செய்தால்தான் பணம்

நிதி சேர்வது ஒரு பக்கம், அதைப் பகிர்வது மறுபக்கம். விஸ்கொன்சினில் மாநில நிதி கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகப் பிரிவுக்குச் சென்று, அங்கிருந்து கழகங்களுக்குப் போகிறது. அங்கீகரிக்கப்பட்ட பாதைக்கு மைலுக்கு 300 டொலர் வரை பராமரிப்புத் தொகை என்பது அங்குள்ள முறை. நாம் எடுத்துக்கொண்ட கழகத்தின் 150 கிலோமீற்றர் ஏறத்தாழ 93 மைல். அதற்கு 27,900 டொலர். மொத்தச் செலவான 79,000 உடன் ஒப்பிட்டால் இது மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது. செலவு கூடினால் மேலதிகக் கொடுப்பனவு கோரலாம். ஆனால் எல்லோருடைய கோரிக்கையும் நிதியை மிஞ்சினால் விகிதாசாரப்படி குறைத்தே கொடுப்பார்கள்.

குரூமர்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அவை எங்கு, எவ்வளவு நேரம் ஓடின என்பதைக் கணினியில் பதியும் முறையும் அங்கு உண்டு. ஓடாத இயந்திரத்துக்குப் பணம் கோர முடியாது. மக்கள் செலுத்திய கட்டணம் உண்மையில் பாதையில்தான் செலவாகிறது என்பதற்கு இது சாட்சி. கட்டணத்தை உயர்த்த வேண்டிய நாள் வரும்போது இச்சாட்சி இல்லாமல் எவரையும் சம்மதிக்க வைக்க முடியாது.

பனி பெய்யாத வருடம்

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டின் பலவீனம் 2023-24 குளிர்காலத்தில் வெளிப்பட்டது. மினசோட்டா, விஸ்கொன்சின் மாநிலங்களில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது அதுவே. பல கவுண்டிகளில் பாதைகள் சில நாட்களே திறந்தன, சிலவற்றில் திறக்கவேயில்லை. விடுதிகள் வெறிச்சோடின. மிச்சிகன் உள்ளிட்ட இடங்களில் பனியின்மையால் பாதிக்கப்பட்ட சிறு வியாபாரங்களுக்கு மத்திய அரசின் அனர்த்தக் கடன் திட்டம் திறக்கப்பட்டது.

எமது எடுத்துக்காட்டுக் கழகத்துக்குத் திரும்புவோம். 12 வாரத்துக்குப் பதில் 4 வாரம்தான் பனி என்றால் வேலை 180 மணித்தியாலமாகும். ஓடும் செலவு 18,000 டொலராகக் குறையும். ஆனால் இயந்திரத்தின் 25,000 டொலர் அப்படியே நிற்கும். மொத்தம் 43,000. நல்ல வருடத்தில் ஒரு மணித்தியால வேலையின் அடக்கவிலை 146 டொலர். மோசமான வருடத்தில் அதுவே 239 டொலர். வேலை மூன்றிலொன்றாகக் குறைந்தது, செலவோ பாதிக்கு மேல் மிஞ்சி நிற்கிறது. செய்த வேலைக்கேற்ப வரும் கொடுப்பனவோ வேலையோடு சேர்ந்து குறைந்துவிடும். அடுத்த வருடம் உறுப்பினராகச் சேர்பவர்களும் அனுமதி வாங்குபவர்களும் குறையக்கூடும்.

நல்ல வருடத்தில் மிஞ்சியதை ஒதுக்கி வைத்த கழகம் இதைத் தாண்டிவிடும். கடன்பட்டுப் புதிய இயந்திரம் வாங்கிய கழகத்துக்கு ஒரே ஒரு பனியற்ற குளிர்காலமே போதும்.

எமக்கான பாடம்

இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் எவரும் உருவாக்கவில்லை. ஒவ்வொரு பையும் தனித்தனியே போதாது என்பதை அனுபவத்தில் கண்டே அடுத்த பையைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். பொதுச் சங்கம் நடத்துவோரும் கூட்டாகத் தொழில் செய்வோரும் இதிலிருந்து சிலவற்றை மனதில் இருத்தலாம். பணத்தைப் பருவத்துக்கு முன்னரே சேர்க்க வேண்டும். சேராதவர் கூடுதலாகச் செலுத்தும் வகையில் விலையை வகுக்க வேண்டும். கையேந்துவதைவிடச் சூத்திரம் நல்லது. கூலியில்லாத உழைப்பையும் கொப்பியில் எழுத வேண்டும். நிலையான செலவுக்கென நல்ல வருடத்திலேயே ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதை நன்றாக இருக்கும்போது அதற்கு யார் செலவழிக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அது மூடப்பட்ட பின்னர்தான் கேட்கிறார்கள். கணக்குத் தெரிந்த வியாபாரி அதை முன்னதாகவே கேட்டு, தன் பங்கையும் வைத்துவிடுவார்.